அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மில்லிங் மெஷின்

எங்கள் பட்டறைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய முதல் வாரமே ஒரு அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பெரிய பை. பை நிறைய மிளகாய் வத்தல்.

"வத்தலு அரைக்கணும் தாயி. மல்லியும் கொஞ்சம் இருக்கு. தனித்தனியா அரைச்சுக் குடுப்பீகளா?"

பலகையில் 'மில்லிங்' என்று பெரிய எழுத்திலும், அதற்குக் கீழே மற்றதெல்லாம் சின்ன எழுத்திலும் எழுதியிருந்தோம். அருப்புக்கோட்டைப் பக்கம் மில் என்றால் இரண்டே இரண்டுதான். ஒன்று நூல் மில், மற்றது மாவு மில். உலோகத்தைச் சீவுவதற்கும் அதே பெயர் உண்டு என்று அந்த அம்மாவிடம் விளக்கினேன். அவர் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டி மெஷினைப் பார்த்தார்.

"இரும்பச் சீவுறதுக்கா இம்புட்டுப் பெரிய மிஷினு?"

"ஆமாம்மா."

"ஒரு தடவ வத்தலையும் போட்டுத்தான் பாருங்களேன். கெட்டா போகப் போகுது?"

வத்தல் கெடாது, மெஷின்தான் கெடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். இந்தக் குழப்பம் தீரட்டும் என்று என் வீட்டுக்காரர் பலகையில் ஒரு பல்சக்கரம் வரைந்தார். அதற்குப் பிறகு சைக்கிளுக்குச் செயின் மாட்டித் தரச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பலகையை அப்படியே விட்டுவிட்டோம்.

நாங்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அவர் மெஷினில் இருந்தார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அளவு பார்க்கும் ஏசி அறையில் இருந்தேன். அவர் செய்து அனுப்புகிற சாமானில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் நின்றுபோனது. சொந்தமாக ஒரு பழைய மில்லிங் மெஷினை வாங்கி ஊரிலேயே போட்டுவிடலாம் என்று அவர் சொன்னபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பந்தல்குடி ரோட்டில் அவர் பங்குக்கு வந்த இடம் ரொம்பவும் ஒடுங்கியது. அதை ஒட்டினாற்போல் அவருடைய அண்ணன் வீடு. அண்ணன் லாரி ஓட்டுகிறார். தூத்துக்குடி ரோட்டில் அவரை எங்காவது பார்க்கலாமே தவிர வீட்டில் பார்ப்பது அபூர்வம். வீடு, மல்லிகைத் தோட்டம், மாடு எல்லாவற்றையும் கட்டி ஆள்வது அண்ணன் மனைவிதான். என் வீட்டுக்காரருக்கு மதினி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் தகர ஷெட்டை அக்காவின் அடுப்படிச் சுவரோடு சேர்த்துச் சாய்த்துக் கட்டிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம்.

"சாச்சுக்கோங்க. சுவருக்கு என்ன வலிக்கவா போகுது?" என்றார் அக்கா.

சுவருக்கு வலித்தது. அது பிறகுதான் தெரிந்தது.

மில்லிங் என்றால் என்னவென்று அக்காவே ஒருநாள் கேட்டார். தேங்காய் துருவுவதை வைத்துச் சொன்னேன். பல் வைத்த கட்டர் ஒன்று வேகமாகச் சுற்றும். மேசையில் இறுக்கி வைத்த உலோகக் கட்டியை அதன் கீழே நகர்த்தினால் கொஞ்சம் கொஞ்சமாகத் துருவி எடுக்கும். என்ன ஒரு வித்தியாசம், இங்கே துருவலைக் குப்பையில் கொட்டிவிட்டுச் சிரட்டையைத்தான் விற்போம். அக்கா சற்று யோசித்துவிட்டு, "பொழைக்கத் தெரியாதவுக" என்றார்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அலுமினியக் கட்டிகள். தூத்துக்குடி போகிற வழியில் பம்பு செய்கிற கம்பெனி ஒன்று கொடுத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலமான சதுரக் கட்டி. அதன் நடுவில் ஆழமாக ஒரு குழி எடுக்க வேண்டும், வெளிப்பக்கம் நான்கையும் அளவாகச் சீவ வேண்டும். குழி ஆழம் என்பதால் கட்டர் நீளமாக இருந்தாக வேண்டும். நீளமான கட்டரில் ஒரு தொல்லை உண்டு. அது ஆடும். ஆட ஆரம்பித்தால் கத்தும்.

முதல் கட்டியில் கட்டர் பாதி ஆழம் இறங்கியதும் ஒரு சத்தம் வந்தது. பல்லைக் கூசவைக்கிற சத்தம். தகர ஷெட் அதை வாங்கி இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது. மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் போய்விட்டன. என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்துவதற்குள் வாசலில் அக்கா வந்து நின்றார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"ஏத்தா, உன் புருசன் உள்ள பன்னி அறுக்குறாரா?"

"இல்லக்கா, குழி எடுக்குறாரு."

"எந்தக் குழியவும் எடுக்கட்டும். இந்த டம்ளரு செல்ப்புல இருந்து தானா நடந்து வந்து கீழ விழுந்துருச்சு. நான் கண்ணால பாத்தேன். கூட ரெண்டு டம்ளரு கெளம்பி வந்துக்கிட்டு இருக்கு."

போய்ப் பார்த்தேன். அடுப்படிச் சுவரில் பதித்த கடப்பாக்கல் அலமாரியில் டம்ளர்கள் வரிசையாக நின்றன. இரண்டு மட்டும் வரிசையைவிட்டு வெளியே வந்து விளிம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல.

குழியின் உட்பக்கத்தையும் பார்த்தோம். வழவழப்பாக இருக்க வேண்டிய சுவர் மீன் செதில் போல வரிவரியாக இருந்தது. கட்டர் ஆடிய ஆட்டம் அத்தனையும் அலுமினியத்தில் எழுதியிருந்தது. இப்படியே அனுப்பினால் கம்பெனியில் வாங்கமாட்டார்கள். வேறு மெஷின் வாங்கவும் முடியாது. ஆட்டம் எந்த வேகத்தில் வருகிறது, எதில் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் ஒரே வழி. பெரிய கம்பெனிகளில் அதற்கென்றே கருவி வைத்திருப்பார்கள். எங்களிடம் இருந்தது அக்காவின் டம்ளர் அலமாரி.

அதனால் இப்படி ஏற்பாடு செய்தோம். நானும் அக்காவும் அடுப்படியில் உட்கார்ந்துகொள்வது. அவர் ஷெட்டில் மெஷினை ஓட்டுவது. மெஷின் சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கத்தினால் கேட்காது என்பதால் போனில் பேசிக்கொள்வது. அவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார். அக்கா மணையை இழுத்துப் போட்டுச் சீரியல் பார்ப்பதைப் போல அலமாரியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆரம்பிக்கட்டுமா?" என்றார் போனில்.

"ஆரம்பிங்க."

கட்டர் கத்தியது. டம்ளர்கள் கிளம்பின.

"இப்ப?"

"நடக்குது."

"கொறைக்கிறேன். இப்ப?"

"இன்னும் வேகமா நடக்குது."

"சொம்பும் கெளம்பிருச்சுன்னு சொல்லு" என்றார் அக்கா.

"சொம்பும் கிளம்பிருச்சாம்."

ஆட்டம் வந்தால் வேகத்தைக் குறைப்பதுதான் எல்லாருக்கும் தோன்றும். அவரும் குறைத்துக் குறைத்துப் பார்த்தார். ஒரு வேகத்தில் சத்தம் குறைந்தாற்போல் இருக்கும், அடுத்த நிமிஷமே பிடித்துக்கொள்ளும். அக்கா இரண்டு டம்ளர்களை விழும் முன்னே கையில் பிடித்துவிட்டார். மூன்றாவது ஒன்று அவர் மடியிலேயே விழுந்தது. இனிமேல் குறைத்தால் கட்டரே நின்றுவிடும் என்கிற நிலைக்கு வந்த பிறகு சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. காதில் ஒன்றுமே இல்லை.

"கரண்டு போயிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்லையே. ஓடிக்கிட்டுத்தான இருக்கு."

"என்ன செஞ்சீங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார். "போனு நழுவுச்சு. பிடிக்கப் போயி வேகத் திருகு கைபட்டு மேல ஏறிருச்சு. இப்ப ஆரம்பத்துல வச்சதவிடக் கூட ஓடுது."

வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் எப்படியோ மனதில் பதிந்துபோயிருந்தது. அப்படி இல்லை. கட்டரின் ஒரு பல் அலுமினியத்தில் அலை மாதிரி ஒரு தடத்தை விட்டுப் போகிறது. அடுத்த பல் அதே இடத்துக்கு வரும்போது அந்த அலையின் மேல் ஏறி இறங்குகிறது. இரண்டும் ஒத்துப் போனால் சீராக வெட்டும். தப்பிப் போனால் ஒவ்வொரு பல்லும் அலையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். தொடுகிற நேரம்தான் எல்லாம் என்பது தொட்டிலை ஆட்டுகிறவர்களுக்குத் தெரியும். சரியான நேரத்தில் தொட்டால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும், நேரம் தப்பித் தொட்டால் தொட்டில் திணறி நிற்கும். எங்களுக்கு வேண்டியது திணறி நிற்கிற வேகம். அது மேலே இருந்தது, நாங்கள் கீழே தேடிக்கொண்டிருந்தோம்.

அவர் திருகின் அந்த இடத்தில் நெயில் பாலீஷால் ஒரு புள்ளி வைத்தார். நெயில் பாலீஷ் அக்காவுடையது. டம்ளர்களை அடுக்கிவைத்துவிட்டு அக்கா சொன்னார்: "தம்பி கை தவறுனாத்தான் எல்லாம் சரியா வருது போலயே."

வேகம் கூடியது, ஆட்டம் போனது, குழி கண்ணாடி மாதிரி வந்தது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தோம். பிறகு அடுத்தது ஆரம்பித்தது. வேகமாக வெட்டினால் சூடு அதிகமாகும். அதுவும் அப்போது கத்திரி வெயில். தகரக் கூரைக்குக் கீழே நின்றால் தலையில் தணல் வைத்த மாதிரி இருக்கும். சூட்டைத் தணிப்பதற்காக வெட்டுகிற இடத்தில் பால் போன்ற ஒரு எண்ணெய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்போம். கூலன்ட் என்பார்கள். அதன் தொட்டியை மேற்குப் பக்கத் தகரத்தை ஒட்டி வைத்திருந்தார். மத்தியான வெயில் முழுக்க அதன் மேல்தான். குளிரவைக்கிற தண்ணீரே கை வைக்க முடியாமல் கொதித்தது. அக்கா ஒருநாள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, முட்டை இருந்தால் போட்டு எடுக்கலாம் என்றார்.

நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எங்களுக்கு வேறு சண்டை இருந்தது.

அவர் மத்தியானம் கட்டியை மெஷினிலிருந்து கழற்றிய கையோடு மைக்ரோமீட்டரில், முடியின் கனத்தைக்கூடத் திருகி அளக்கிற கருவி அது, அளப்பார். அளவு கச்சிதமாக இருக்கும். சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேல் ஒரு சரி போட்டு வைப்பார். எனக்கு விடியற்காலையில்தான் தலை தெளிவாக இருக்கும். அப்போது போய் அதே கட்டியை எடுத்து அளப்பேன். ஒரு தலைமுடி கனத்துக்குக் குறைவாக இருக்கும். நான் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன்.

"நீ திருகை ரொம்ப இறுக்குற. கட்டிய நசுக்கி அளந்தா கொறச்சுத்தான் காட்டும்" என்றார்.

"நீங்க தொடாமயே அளக்குறீங்க. காத்தையும் சேத்து அளந்தா கூடத்தான் காட்டும்" என்றேன்.

"கோயம்புத்தூருலயும் நீ இப்படித்தான்."

"கோயம்புத்தூர்ல நான் தள்ளுனது எல்லாம் தள்ள வேண்டியதுதான்."

அதோடு பேச்சு நின்றுபோனது. பேசாத நாட்களில் எங்களுக்கு நடுவே கட்டிகள்தான் பேசின. காலையில் அவர் வந்து பார்ப்பார், அவர் சரிக்கு மேல் என் பெருக்கல். அதை அழித்துவிட்டு இன்னொரு சரி போடுவார், முதலில் போட்டதைவிடப் பெரிதாக. மறுநாள் நானும் பெரிதாகப் போடுவேன். கடைசியில் சில கட்டிகளில் அலுமினியமே தெரியவில்லை.

சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறோம். ஆனால் புருஷன் பெண்டாட்டிச் சண்டை நடக்கும்போது பாடம் எங்கே ஞாபகம் வருகிறது. அவர் அளந்தது சூடான கட்டி, நான் அளந்தது ஆறிய கட்டி. இரண்டு பேரும் சரியாகத்தான் அளந்தோம். அதனால்தான் சண்டை தீரவே இல்லை.

அவர் தன் சரிகளை நம்பி முதல் லோடை அனுப்பிவைத்தார். மறுநாளே கம்பெனியில் அளவு பார்க்கிறவர் போன் செய்தார். அத்தனையும் சின்னதாக இருக்கிறது என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டேன். நேரில் வந்து எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்க்கிறேன், நாளை வாரேன் என்று சொல்லிக் கம்பெனிக்காரர் போனை வைத்தார்.

உச்சி வெயிலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் நாங்கள் நினைத்ததைவிட இளைஞர். சட்டை கசங்காமல் இருந்தது. வழியெல்லாம் காரில் ஏசி ஓடியிருக்க வேண்டும். கையில் நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் அவருடைய மைக்ரோமீட்டர். ஷெட்டுக்குள் காலை வைத்ததும் அவர் மூக்குக் கண்ணாடி மூடுபனி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் அவர் கண் முன்னாலேயே ஒரு கட்டியை முடித்துக் கழற்றினார். துணியில் பிடித்துக் கொடுத்தார். வந்தவர் அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி அளந்தார்.

"சார், இது பெருசா இருக்கே."

"நேத்து சின்னதுன்னு சொன்னீங்க."

"நேத்து சின்னதுதான் சார். இன்னைக்குப் பெருசு."

என் வீட்டுக்காரர் அதை வாங்கித் தன் மைக்ரோமீட்டரில் அளந்து நீட்டினார். "நல்லாப் பாருங்க. கச்சிதமா இருக்கு."

"காலையில பாத்தா சின்னதாத்தான் இருக்கும்" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அந்த வாரத்தில் நான் என் வீட்டுக்காரருக்கு நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

ஒரே கட்டி. வந்தவர் பெரிது என்கிறார், இவர் சரி என்கிறார், நான் சின்னது என்கிறேன். மூன்று பேரும் படித்தவர்கள், மூன்று பேரும் இதே தொழிலில் வருஷக்கணக்காக இருப்பவர்கள். குரல் மெல்ல மெல்ல ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அக்கா வந்து வாசலில் நின்று மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தத் தம்பிக்கு வேர்த்து ஊத்துது. மொதல்ல வந்து சாப்பிடுங்க. சண்டைய சாப்பிட்டுட்டுப் போடலாம்."

வந்தவர் வேண்டாம் என்று மறுத்தார். மறுப்பை அக்கா காதில் வாங்கவில்லை. ரெட்டியபட்டியில் இருக்கிற அக்காவின் பிறந்த வீட்டிலிருந்து அன்று காலைதான் கருவாடு வந்திருந்தது, குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. அந்த வாசனைக்கு மேல் அவராலும் மறுக்க முடியவில்லை. சாப்பிட உட்காரும்போதும் மூன்று பேர் கையிலும் சாமான் இருந்தது. வந்தவர் கையில் அவர் மைக்ரோமீட்டர், என் வீட்டுக்காரர் கையில் இவருடையது, என் கையில் கட்டி. அக்கா ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"சோறு திங்கிற எடத்துல இரும்பு எதுக்கு?"

எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பூ அறையில் வைத்தார். தோட்டத்தில் பறித்த மல்லிகை மொட்டு அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகும்வரை மலராமல் இருக்க வேண்டும் என்பதற்காக அக்கா வீட்டில் ஒரு அறை உண்டு. வெயில் படாத அறை. சுற்றிலும் ஈரச்சாக்கு. அந்த வீட்டில் கொஞ்சம் குளுகுளு என்று இருப்பது அது ஒன்றுதான்.

சாப்பிட்டோம். வந்தவர் இரண்டாவது தடவை குழம்பு வாங்கிக்கொண்டார். பேச்சு எங்கெங்கோ போனது. அவருக்குப் பாலவனத்தத்தில் அத்தை வீடு இருப்பது தெரிந்தது. அதில் அக்காவுக்கு ஏதோ ஒரு வழியில் உறவு என்று கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. சார், மேடம் எல்லாம் போய் அண்ணே, மதினி என்றாகிவிட்டது. மோர் குடித்து முடிக்கும்போது யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை.

கடைசியில் பூ அறையிலிருந்து சாமான்களை எடுத்து வந்தோம். வந்தவர் அளந்தார். என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். இவர் அளந்தார். என்னிடம் நீட்டினார். நான் அளந்தேன். மூன்றும் ஒரே அளவு. வந்தவர் சொன்ன அளவும் இல்லை, இவர் சொன்னதும் இல்லை, நான் காலையில் பார்க்கிற அளவும் இல்லை. யாருமே சொல்லாத ஒரு அளவு.

வந்தவர்தான் முதலில் சிரித்தார்.

"அண்ணே, நான் ஏசியில வச்சிருந்த மைக்ரோமீட்டர வச்சு, கொதிக்கிற கட்டிய அளந்துருக்கேன்."

"நான் கொதிக்கிற மைக்ரோமீட்டர வச்சு கொதிக்கிற கட்டிய அளந்துருக்கேன்" என்றார் இவர்.

"நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ விடியக்காலையில எந்திரிச்சு வந்து அளந்துருக்க. அது எல்லாத்தவிடக் கொடும" என்றார். பேச்சு திரும்ப ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

அக்காவுக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை. "வெறும் கருவாட்டுக் கொழம்புதான வச்சேன்" என்றார்.

கட்டி ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று அன்று சாயங்காலம் வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தவர் கிளம்பினார். மறுநாள் முதல் முறையை மாற்றினோம். கூலன்ட் தொட்டியை மேற்குத் தகரத்திலிருந்து நகர்த்தி வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். சூடாக இருக்கும்போது ஒரு தலைமுடி பெரிதாகவே விட்டுவிட்டு, ஆறிய பிறகு கடைசியாக ஒரு மெல்லிய சீவல். முடிந்த கட்டிகளும் மைக்ரோமீட்டரும் பூ அறையில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் அவரும் நானும் சேர்ந்து போய் அளப்போம். சரி, பெருக்கல் இரண்டையும் போடுவதற்குச் சுண்ணாம்புக் கட்டி ஒன்றுதான், அதுவும் என் கையில்தான் இருக்கும்.

அடுத்த லோடு போன அன்று கம்பெனியிலிருந்து போன்.

"மதினி, அளவெல்லாம் சரியா இருக்கு. ஆனா பெட்டியத் தொறந்ததும் ரூம் பூரா மல்லிகப்பூ வாசம். எங்க மேனேஜரு என்னைய ஒரு மாதிரியா பாக்குறாரு."

"ஏன்?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல மதினி."

அக்காவிடம் சொன்னேன். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பிக்கு எந்த ஊரில் பெண் பார்க்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

கோடை முடிகிற நேரத்தில் டம்ளர்கள் மறுபடி நடந்தன. திருகு நெயில் பாலீஷ் புள்ளியிலேயே இருந்தது, ஆனாலும் நடந்தன. இந்தத் தடவை குற்றம் கட்டர் மேல் இல்லை. எங்கள் மண் கரிசல். வெயில் காலத்தில் அது வாயைப் பிளக்கும், தரையில் போட்ட காங்கிரீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு பிளக்கும். மெஷினின் ஒரு காலுக்குக் கீழே அப்படி ஒரு வெடிப்பு. அந்தக் கால் தரையில் படாமல் அந்தரத்தில் நின்றது. அவர் தரையில் குப்புறப் படுத்துத் தகடு செருகிச் சரிசெய்தார். ஐப்பசி மழை பெய்ததும் மண் ஊறி உப்பியது, செருகிய தகடு அதிகமாகப் போய் மெஷின் இன்னொரு பக்கம் சாய்ந்தது. மறுபடி படுத்துத் தகட்டை எடுத்தார். இப்போது வெயிலுக்கு ஒரு தரம், மழைக்கு ஒரு தரம் என்று அவர் மெஷினுக்கு முன்னால் விழுந்து கிடக்க வேண்டியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கும்பிடுகிற மாதிரி இருக்கும்.

அக்கா இப்போது எங்கள் பட்டறையில் பங்காளி மாதிரிதான். மெஷின் பக்கம் வரமாட்டார், மைக்ரோமீட்டரும் பிடிக்கமாட்டார். ஆனால் பூ அறை அவருடையது. அதற்குள் போன கட்டி அவர் சொன்னால்தான் வெளியே வரும். புறங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதைப் போல. சூடு இருந்தால் கதவைச் சாத்திவிடுவார்.

போன மாதம் லோடு எடுக்கக் கம்பெனி வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. டிரைவர் அவசரத்தில் இருந்தார். என் வீட்டுக்காரர் பூ அறைக்குப் போய்க் கட்டிகளை எடுக்கப் பார்த்தார். அக்கா கதவை மறித்து நின்றார்.

"இன்னும் ஆறல."

"மதினி, ஒரு அஞ்சு நிமிசந்தான். வண்டி நிக்குது."

"நிக்கட்டும்."

டிரைவர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "யக்கா, அங்க போனு மேல போனு போட்டுக்கிட்டு இருக்காக."

"போடட்டும். சூட்டோட கொண்டு போனா திருப்பித்தான் அனுப்புவாக. நீயே திரும்பவும் தூக்கிட்டு வரணும். உக்காரு, மோரு தாரேன்."

டிரைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். டிரைவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்தார், பிறகு துண்டை விரித்துப் படுத்துவிட்டார். வெயில் தாழ்ந்த பிறகு அக்கா அவரை எழுப்பி, "எடுத்துக்கோ" என்றார். கட்டிகளை அளந்து, பெட்டியில் அடுக்கி ஏற்றினோம். வண்டி பந்தல்குடி தாண்டும்போது இருட்டியிருக்கும். அந்த லோடில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.